ஒரு பட்டனுக்கு வயசு சொல்வது எப்படி?

மெட்டல் டிடெக்டரோட இங்கிலாந்து வயல்கள்ல நடக்குறவன்னு தெரிஞ்சாலே எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான்: "தங்கக் காசு கிடைச்சுதா?" இல்லைங்க. எங்களை மாதிரி ஆட்களுக்கு அதிகமா கிடைக்கிறது பட்டன். பழைய பித்தளைப் பட்டன், ஈயப் பட்டன்.

காசுல பெரும்பாலும் ராஜா பேரு இருக்கும், வருஷம் இருக்கும். பட்டன்ல நாமதான் துப்பறியணும்.

முதல்ல பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அங்கே தயாரிப்பாளர் பேரு இருக்கலாம், 'கில்ட்'னும் இருக்கலாம். கில்ட்னா தங்க முலாம். முலாம் விஷயத்துல ஏமாத்து வேலை நடந்ததால, பிரிட்டிஷ் பார்லிமென்ட் 1796ல பட்டனுக்குன்னே ஒரு சட்டம் போட்டுச்சு!

அடுத்து, ராணுவப் பட்டன். 1767ல ஒவ்வொரு படைப்பிரிவும் தன்னோட எண்ணைப் பட்டன்ல போடணும்னு உத்தரவு வந்தது. 1881ல அந்த எண்களையே எடுத்துட்டு, படைகளுக்கு ஊர்ப் பேரு வெச்சாங்க.

ஒரு உதாரணம். உங்க கையில '33'னு ஒரு சிப்பாய் பட்டன். தேடினா, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவுக்கு எதிரா நின்ன படைன்னு வரும். உடனே குதிக்காதீங்க! உலோகத்தைப் பாருங்க. சாதாரண சிப்பாய்களுக்கு 1855 வரைக்கும் ப்யூட்டர்னு சொல்ற வெள்ளீயக் கலவைப் பட்டன்தான். அப்புறம்தான் பித்தளை. 1871ல சிப்பாய்களுக்கு எண் போய், எல்லாருக்கும் பொதுவா அரச சின்னம் வந்துடுச்சு. அப்போ பித்தளை 33னா, 1855க்கும் 1871க்கும் நடுவுல. வெறும் பதினாறு வருஷம்! திப்பு இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

சரி, சிப்பாய் பட்டன் கிடைச்ச வயல்ல சிப்பாய் நின்னானா? அவசியமே இல்லை. அந்தக் காலத்துல பழைய கம்பளித் துணிக் கழிவை வயலுக்கு உரமா போடுவாங்க. தென்கிழக்குல கென்ட் பக்கம் ஹாப்ஸ் தோட்டங்கள்ல இது ரொம்ப சகஜம். கிழிஞ்ச சீருடையோட பட்டனும் மண்ணுக்குள்ள போயிருக்கும். ஒரே ஒரு பட்டனை வெச்சு 'இங்கே முகாம் இருந்தது'ன்னு எழுதிட்டா, அந்த ஊர் வரலாற்றுலயே ஒரு பொய் ஏறிடும். பல பட்டன், துப்பாக்கிக் குண்டு, காசு எல்லாம் ஒரே இடத்துல கிடைச்சா, அப்போ யோசிக்கலாம்.

அதனாலதான் ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, கிடைச்ச இடத்தைப் போன்ல குறிச்சு வைங்க. இடம் தெரியாத பட்டன் பாதிக் கதைதான். ரெண்டு, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க. முலாமும் எழுத்தும் போச்சுன்னா, வயசு சொல்ற சாட்சியே போச்சு. தண்ணியில மண்ணை மட்டும் மெதுவா கழுவுங்க, போதும்.

முக்கியமா, நிலத்துக்காரர் அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!