ஈப்புலிக்கு ஒரு வீரரின் பெயர்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் சிலந்திக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் எளியேனுக்கு விலங்கியல் பேசத் தகுதி ஏது என்றும் கேட்கலாம். ஆனால், பதிவேட்டின் அருமை குமாஸ்தாவுக்குத் தெரியும். சீட்டும் இலக்கமும் ஒட்டாத மூட்டை பார்சல் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தாலும், கணக்கில் அது இல்லாத மூட்டையே. அவ்வாறு கணக்கில் ஏறாமல் நம் அண்டையிலேயே வாழ்ந்த ஓர் உயிரின் கதை இது.

2021-ஆம் ஆண்டில் துருவ் பிரஜாபதி, ஜான் காலெப், சோம்நாத் கும்பார், ராஜேஷ் சனப் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள், இரண்டு புதிய சிலந்தி இனங்களை உலகுக்கு அறிவித்தனர். அவை கிடைத்த இடம் எங்கோ உள்ள கானகமன்று. நாம் நாள்தோறும் மின்சார வண்டியில் கடந்து செல்லும் தாணே - கல்யாண் வட்டாரமே! இரண்டும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள தாவும் சிலந்திகள். அவற்றுள் ஒன்றின் பெயர் 'இசியஸ் துக்காராமி'.

தாவும் சிலந்தி வலை விரித்து இரைக்குக் காத்திருப்பதில்லை; பூனைபோல் பதுங்கிச் சென்று பாய்ந்து பிடிக்கும். ஈயை வேட்டையாடும் இத்தகைய சிலந்திக்கு 'ஈப்புலி' என்று தமிழில் பெயருண்டு. எத்துணைப் பொருத்தம்! அதற்குக் கண்கள் எட்டு. முன்னுள்ள பெரிய இரண்டும் கூர்ந்து நோக்க. ஏனையவை சுற்றுப்புறத்து அசைவை அறிய. உடலிலுள்ள நீர்மத்தை அழுத்தத்துடன் கால்களுக்குள் செலுத்தி, அவற்றை நீட்டிப் பாய்கிறது. பாயுமுன் நின்ற இடத்தில் ஓர் இழையை ஒட்டிக்கொள்ளும். குறி தவறினாலும் அவ்விழையில் தொங்கி மேலேறிவிடும்.

ஓர் இனம் புதியது என்று எங்ஙனம் துணிவது? நிறம் கண்டு மட்டும் சொல்லிவிட இயலாது. நுண்ணோக்கியின்கீழ் வைத்து, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். அளந்து, படம் வரைந்து, விவரம் எழுதி அச்சிட வேண்டும். மூலச் சான்றாக ஓர் உடலையும் பாதுகாக்க வேண்டும். சுவீடன் நாட்டுக் கார்ல் கிளர்க் 1757-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குகிறது சிலந்திகளின் பேரேடு. 2022-இல் அதில் 50,000-ஆவது இனம் ஏறியது. தாவும் சிலந்திகள் மட்டும் 6,000-க்கு மேல்!

துக்காராம் என்றதும் அபங்கம் பாடிய அடியார் நினைவுக்கு வருவார். இவர் வேறு, மும்பைக் காவல்துறையின் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்பளே. 2008 நவம்பர் 26 இரவை இரயில்வேக் குடும்பத்தினர் மறக்கவொண்ணாது. நம் மூத்தோர் போரிபந்தர் என்றழைத்த பெருநிலையத்தில், பயங்கரவாதிகள் இருவர் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் அவ்விருவரும் வந்த காரைக் கிர்காம் சௌபாத்தியில் காவலர் மறித்தனர். ஓம்பளே ஒருவனது துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றினார். குண்டுகள் உடலைத் துளைத்தும் பிடியை விட்டாரில்லை. அவர் உயிர் நீத்தார். அவன் உயிரோடு பிடிபட்டான். 2009-இல் நாடு அவருக்கு அசோகச் சக்கரம் அளித்தது.

'துக்காராமி' என்பதன் ஈற்றிலுள்ள இகரம் இலத்தீன் வேற்றுமை உருபு. 'துக்காராமினுடைய' என்பது பொருள். இனி எந்நாட்டு அறிஞராயினும் இச்சிலந்தியைக் குறிக்கும்போதெல்லாம், அக்காவலரின் பெயரை எழுதியே தீர வேண்டும்.

அன்பர்களே! பெயர் தெரிந்த பின்பே பரிவும் பிறக்கிறது. நம்மைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுகின்றன. புதரும் புல்வெளியும் சுருங்குகின்றன. பெயர் பெறுமுன்னரே மறையும் உயிர்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது? ஆதலின், தாய்மார்களே, சன்னலோரத்து ஈப்புலியின்மேல் துடைப்பத்தை ஓங்குமுன் சற்றே பொறுங்கள். அது ஈயையும் கொசுவையும் உண்பது. சிறுவர்களே, பூதக்கண்ணாடி ஒன்றுடன் காலனி வேலியோரம் சென்று பொறுமையாக நோக்குங்கள். எவர் கண்ணுக்கும் படாத ஒன்று உங்கள் கண்ணுக்குப் படலாம். அதைக் குறித்து வையுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள்.