நீக்கலை அடைக்கும் நீர்



நோர்வே, சுவீடன், டென்மார்க்கு முதலிய வடபுல நாடுகளில் குளிர்காலம் முழுதும் சிறு பாய்மரப் படகுகள் கரையேறிக் கிடக்கும். இளவேனில் தோன்றியதும் அவற்றைக் கடலுக்கு அணியமாக்குவர். அவ்வினையின் உயிர்நிலை பொறுமை.

அப்படகின் கட்டமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். மேற்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின் விளிம்பின்மேல் கூரையோடுபோற் கவிந்திருக்கும். இரண்டையும் ஆணிகள் இறுக்கிப் பிணிக்கும். ஏறத்தாழ 820-இல் கட்டப்பெற்று, 1904-1905-இல் நோர்வேயில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற ஓசெபெர்க்குக் கப்பலும் இம்முறையினதே. இத்தொழின்மரபை 2021-இல் யுனெசுகோ நிறுவனம் மாந்தரினத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது.

கரையில் உலர்ந்த மரம் சுருங்கும். பலகைகளுக்கிடையே நீக்கல் விழும். ஆயினும் பட்டறிவுடையோர் அதனைக் கண்டு அஞ்சுவதிலர். முதலில் கத்திமுனையால் மரத்தைக் குத்திப் பார்ப்பர். முனை எளிதில் இறங்குமிடம் உளுத்தவிடம். உப்புநீரினும் மழைநீரும் பனிநீருமே மரத்தை மிகுதியாக உளுக்கச் செய்வன. பின்னர்ப் பெயர்ந்த பழம்பூச்சைச் சுரண்டி, பைன் மரத்தினின்று வடித்த கீலை ஆளிவிதை நெய்யொடு கலந்து, இளஞ்சூட்டில் பூசுவர். சூடு கலவையை இளக்கி மரத்துள் ஊறச் செய்யும். பாயின் தையலையும் கயிற்றின் புரிகளையும் அதன்பின் ஆராய்வர்.

பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தும் கலங்களில் நார் திணித்துக் கீல் பூசுவதுண்டு. அதனைக் கலப்பற்று என்பது தமிழ் வழக்கு. கவிந்த பலகைப் படகிலோ, உலர்ந்த நீக்கலில் எதனையும் வலிந்து திணித்தலாகாது. மரம் நீருண்டு பருக்கும்போது, திணித்த பொருள் பலகைகளை நெம்பி ஆணிகளைத் தளர்த்திவிடும். ஆதலின் ஈரச்சாக்குகளை உள்ளே பரப்பி மரத்தை நனைப்பர். பின்பு ஆழமற்ற நீரில் படகைக் கட்டிவைப்பர். முதல்நாள் நீர் உட்புகும். சில நாளில் பலகைகள் பருத்து ஒன்றையொன்று நெருக்கும். நீக்கல் தானே அடைபடும். அதன்பின் நீரை இறைத்துவிட்டு, மீண்டும் ஊறுகின்றதா எனக் காத்திருந்து காண்பர். ஊறுமாயின், அவ்விடத்தைக் கண்டறிந்து செப்பஞ்செய்த பின்னரே பாய் விரிப்பர்.

இக்காத்திருப்பு வீண்பொழுதன்று. இளவேனிலில் கதிரவன் காய்ந்தாலும் வடகடல் நீர் கடுங்குளிர்ச்சி நீங்காது. அதில் வீழ்ந்தவரின் கைகால்கள் சில மணித்துளிகளிலேயே வலுவிழக்கும். நீச்சல் வல்லாரும் கரை சேர்தல் அரிது. கரையோரத்தில் ஒழுகும் படகு ஒரு வேலை. நடுக்கடலில் ஒழுகும் படகு ஓர் உயிரிழப்பு. மரத்திற்குரிய நாளை மரத்திற்குக் கொடுத்தவனே கடலினின்று மீள்வான்.