மலையேறும் வண்டியும் சூடேறும் எண்ணெயும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நெவாடா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லையாகக் கொலராடோ ஆறு ஓடுகிறது. 1951ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட டேவிஸ் அணை அந்த ஆற்றின் குறுக்கே நிற்கிறது. அணையின் அருகிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு நெடுஞ்சாலை பாலைநிலத்தின் ஊடே மலையேறுகிறது. 11.4 மைல் தூரத்தில் அது ஏறக்குறைய 3,000 அடி உயர்ந்து விடுகிறது. கோடை நாட்களில் அங்கே வெயில் 100 பரன்ஹைட் பாகையைத் தாண்டுவது வழமை.

இந்தச் சாலை மோட்டார் உலகில் பெயர்பெற்றது. ஒரு வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்கவல்லது என்று கூறுவதில் முன்பு உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு கணக்கு வைத்திருந்தனர். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனை முறையை வெளியிட்டது. அந்த முறையின் ஒரு பகுதி இந்த ஏற்றமே. 100 பாகைக்குக் குறையாத வெயிலில், வண்டியின் உள்ளே குளிர்சாதனத்தை முழுமையாக இயக்கியபடி, பின்னால் பாரத்தை இழுத்துக்கொண்டு வண்டி மேலே செல்லவேண்டும். சாதாரண பிக்கப் வண்டியாயின் அதன் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் குறையலாகாது. எந்தப் பாகமும் பழுதடையலாகாது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியலாகாது.

இத்தகைய ஏற்றத்தில் எஞ்சின் முழங்குவதை எல்லோரும் கேட்கிறோம். ஆனால் ஓசையின்றி வருந்தும் பொருள் ஒன்று வண்டியின் அடியில் உண்டு. அது தானியங்கிக் கியர்ப் பெட்டியினுள் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் விடுமுறைக் காலம் வந்ததும் பல குடும்பங்கள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அமைந்த வீட்டுவண்டி ஒன்றைப் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படுகின்றன. இந்த வீட்டுவண்டியைக் கேம்பர் என்பார்கள். உத்தியோகத்தில் இளைப்பாறியவர்கள் பலர் மாதக்கணக்காக அதிலேயே வாழ்ந்து நாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. இவர்களுள் சிலர் வாங்கும் பிக்கப் வண்டி பழையது. பாரம் இழுப்பதற்கென்று விசேடமாக அமைக்கப்படாதது. சமதரையில் அது குறையின்றி ஓடும். மலையில் ஏறும்போதுதான் அதன் குறை வெளிப்படும். கியர் மாறுவதில் தயக்கம் தோன்றும். கருகிய வாடை வீசும். பின்னர் எஞ்சின் எவ்வளவு சுழன்றாலும் வண்டி நகர மறுக்கும். குடும்பத்தோடு பாலைவன வெயிலில் வழியோரம் நிற்கும் அந்த மனிதருக்கு, கியர்ப் பெட்டியைப் புதுப்பிக்கச் சில ஆயிரம் டொலர் வேண்டும் என்ற செய்தியும் விரைவில் வந்து சேரும்.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று மற்றதையும் மெல்லச் சுழற்றும். தானியங்கி வண்டியின் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே இதே முறையில் தொழிற்படும் கருவி ஒன்று இருக்கிறது. அதனை முறுக்குவிசை மாற்றி என்று கூறலாம். அங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் பாய்கிறது. எஞ்சின் சுழற்றும் சக்கரம் முன்னே ஓட, கியர்ப் பெட்டியின் சக்கரம் சற்றுப் பின்தங்கியே தொடர்கிறது. இந்தப் பின்தங்கலை வழுக்கல் என்போம். வழுக்கலில் இழந்த வலு அழிந்து போவதில்லை. அது வெப்பமாக மாறி எண்ணெயில் தங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பிக்கப் வண்டியும் கேம்பரும் சேர்ந்து ஐந்து தொன் என்று கொள்வோம். அந்த ஐந்து தொன்னை 17 நிமிடத்தில் 3,000 அடி உயர்த்துவதற்கு மாத்திரம் ஏறக்குறைய 44 கிலோவாற் வலு இடையறாது வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் போகுமானால், 4 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் எண்ணெயில் சேரும். இரண்டு பெரிய மின்கேத்தல்கள் 17 நிமிடமும் ஓயாது கொதிப்பதற்கு அது ஒப்பாகும். இத்தனைக்கும் கியர்ப் பெட்டியில் உள்ள எண்ணெயோ சில கலன் அளவே.

அந்த எண்ணெய்க்குப் பல கடமைகள் உண்டு. அது வலுவைக் கடத்துகிறது, பற்சக்கரங்களுக்கு மசகாகிறது, உள்ளே இருக்கும் கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது, வெப்பத்தையும் சுமந்து செல்கிறது. மிகுந்த சூட்டில் அதன் தன்மை கெடுகிறது, இறப்பரால் ஆன அடைப்புகள் இறுகி வெடிக்கின்றன, தட்டுகள் கருகுகின்றன. வண்டி திருத்துவோரிடம் பழைய கைக்கணக்கு ஒன்று வழங்குகிறது. எண்ணெயின் வெப்பம் 175 பாகைக்கு மேல் ஒவ்வொரு 20 பாகை உயரும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்பதே அது. இக்காலத்துச் செயற்கை எண்ணெய்கள் இதைவிடக் கூடுதலாகத் தாங்குவன. எனினும் அந்தக் கணக்குச் சுட்டும் திசை மாறவில்லை.

அப்படியானால் உற்பத்தியாளர் எண்ணெயைக் குளிர்விக்க ஒன்றுமே செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் ஒரு குழாய் வழியே முன்புறம் சென்று, றேடியேற்றரின் தாங்கிக்குள் அமைந்த சிறு பகுதியில் சூட்டை விட்டுத் திரும்புகிறது. ஆனால் அந்தத் தாங்கியிலுள்ள நீரே 200 பாகை அளவில் இருக்கும். தன்னைச் சூழ்ந்த நீரைவிட எண்ணெய் அங்கே குளிர முடியாது. ஏற்றத்தில் அந்த நீரும் மேலும் சூடேறுகிறது.

இங்கேதான் மேலதிக எண்ணெய்க் கூலர் துணைக்கு வருகிறது. பார்ப்பதற்கு அது ஒரு சிறு றேடியேற்றரையே ஒத்தது. மெல்லிய தகடுகளை அடுக்கி இடையிடையே காற்றுப் புக வழிவிட்டு அதனைச் செய்கிறார்கள். றேடியேற்றருக்கு முன்னால், எதிர்க்காற்று நேரே மோதும் இடத்தில் அதனைப் பொருத்துவர். றேடியேற்றரில் ஒருமுறை சூட்டை இறக்கிய எண்ணெய், பின்னர் இக்கூலரின் ஊடாகச் சென்று கியர்ப் பெட்டிக்குத் திரும்புவதே வழக்கமான ஒழுங்கு. பெருஞ்சூட்டை நீர் வாங்கிக்கொள்கிறது. எஞ்சியதைக் காற்று வாங்கிக்கொள்கிறது.

பொருத்துவோர் சில விடயங்களில் கருத்தாயிருத்தல் வேண்டும். குழாய்கள் கியர்ப் பெட்டி எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவையாய் இருக்கவேண்டும். பெற்றோல் குழாய் உதவாது. அவை கூரிய விளிம்பிலோ புகைபோக்கியிலோ உராயலாகாது. சூடான புகைபோக்கியில் எண்ணெய் சிந்தினால் தீப்பற்றும். கூலரைப் பிளாஸ்ரிக் ஊசிகளால் றேடியேற்றரோடு தைத்து விடுவது எளிது. ஆனால் தனித் தாங்கிகளில் பூட்டுவதே நெடுநாள் நிலைக்கும். புதிய கூலரும் குழாய்களும் சிறிது எண்ணெயை உள்வாங்குவதால், வேலை முடிந்ததும் எண்ணெய் மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்பவேண்டும். கடும் பனி பெய்யும் பகுதிகளில் எண்ணெய் அளவுமீறிக் குளிர்வதும் தீங்கே. அங்கே, எண்ணெய் சூடாகும்வரை கூலருக்குள் புகாதபடி அதனைத் திருப்பிவிடும் தடுக்கிதழ் ஒன்றையும் சேர்ப்பார்கள்.

நேயர்களே, இவ்வளவும் கூறியபின் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கூலர் வண்டியின் பலத்தைக் கூட்டுவதில்லை. இழுக்கக்கூடிய பாரம் இவ்வளவு என்று உற்பத்தியாளர் விதித்த எல்லை, கியர்ப் பெட்டியை மாத்திரம் நோக்கி விதித்ததன்று. பிரேக், அச்சு, ரயர், கொளுவி, சட்டகம் ஆகிய அனைத்தும் அந்த எல்லைக்குள் அடங்கியிருக்கின்றன. நூறு டொலர் கொடுத்துக் கூலர் பூட்டிவிட்டோம், இனி ஆயிரம் இறாத்தல் கூடுதலாக ஏற்றலாம் என்று எண்ணுபவர், ஏற்றத்தில் தப்பினாலும் இறக்கத்தில் அகப்படுவார். இறக்கத்தில் சூடேறுவது பிரேக். அங்கே நேரும் பிழைக்கு விலை டொலரில் கணக்கிடப்படுவதில்லை.

ஆதலால் முதற் காவல் சாரதியின் கையிலேயே இருக்கிறது. நம் மலைநாட்டுப் பாதைகளில் லொறி ஓட்டுவோர் வளைவு வருமுன்பே கீழ்க் கியருக்கு மாறிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். தானியங்கி வண்டிக்கும் அந்த அறிவு பொருந்தும். உயர் கியருக்கும் தாழ் கியருக்குமாக அது அலைமோதும்போது சூடு மிகுகிறது. தாழ்ந்த கியரில் நிறுத்தி, வேகத்தைச் சற்றுக் குறைத்து ஏறினால் அலைச்சல் நீங்கும். அத்துடன், முறுக்குவிசை மாற்றியின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு, பிடிவிடாது இயங்கவும் வாய்ப்புண்டாகும். அது பூட்டிய நிலையில் வழுக்கல் இல்லை. எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்று கண்முன் இருந்தால், நிற்கவேண்டிய நேரத்தையும் அது அறிவிக்கும்.

நம்மவருள் கேம்பர் இழுப்போர் அரியர். ஆயினும் தானியங்கிக் கியர் வண்டி வைத்திருப்போர் இன்று நம் வீதிகளில் மிகப் பலர். எஞ்சின் எண்ணெயை மாற்றத் தவறாத அவர்களிற் பலர், கியர்ப் பெட்டியிலும் எண்ணெய் உண்டு என்பதையே மறந்துவிடுகிறார்கள். அடுத்தமுறை வண்டியைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு செல்லும்போது, அந்த எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கருகிய மணம் அதில் இருக்குமாயின், பெட்டி நின்றுபோகும்வரை காத்திராமல் காரணத்தைத் தேடுங்கள்.