ஆறு தீவுகளின் நரிகள்

நரி என்று பொதுவாக நாம் குறிக்கும் பிராணிகள் யாவும் ஒரே வம்சத்தில் வந்தவை அல்ல. ஐரோப்பாவின் செந்நரியும், துருவப் பிரதேசத்தின் வெண்ணரியும், நம் நாட்டு வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் குள்ளநரியும் 'வல்பீஸ்' என்னும் பேரினத்தில் அடங்க, அமெரிக்காவின் சாம்பல் நரியோ, தோற்றத்தில் அவற்றை ஒத்திருந்தும், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட 'யூரோசயான்' என்னும் புராதன கிளையைச் சேர்ந்தது; மரமேறும் ஆற்றலும் அதற்கு உண்டு.

அக்கிளையில் வந்த ஒரு நரி, கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்திலுள்ள சானல் தீவுகளுள் ஆறில் மட்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, உடல் குறுகி, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையே உள்ளதாயிற்று. 1857இல் ஸ்பென்சர் பெயர்ட் அதனைத் தனி இனமாக விவரித்தார். பின்வந்த சாஸ்திரிகள் தீவுக்கு ஒன்றாக ஆறு உள்ளினங்களை வகுத்தனர். இத்தனை நுட்பமான பாகுபாடு யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்கத் தோன்றலாம். அதற்கு விடை 1990களில் கிடைத்தது.

அத்தீவுகளின் வானத்தை முன்பு ஆண்டது வெண்தலைக் கழுகு. மீனையும் கடற்பறவைகளையும் உண்ட அது, தன் எல்லைக்குள் வேறு கழுகை அண்டவிடாது. ஆனால் தொழிற்சாலைக் கழிவோடு கடலில் கலந்த டி.டி.டி. மருந்து மீன்களின் வழியே அதன் உடலில் ஏறி, முட்டையோடுகள் மெலிந்து நொறுங்கவே, அது அங்கிருந்து மறைந்தது. காவல் நீங்கிய இடத்தில் பெருநிலத்துப் பொன்னிறக் கழுகு வந்து புகுந்தது. மனிதர் கொண்டுவந்து விட்டுக் காட்டில் பெருகிய பன்றிகளின் குட்டிகள் அதற்கு ஓயாத இரையாயின. பகைவரை அறியாமல் பட்டப்பகலிலும் உலவிய நரியோ அதனினும் சுலபமான இரை. சில ஆண்டுகளுக்குள் சான் மிகேல் தீவில் பதினைந்தும் சாண்டா ரோசாவில் பதினைந்துமே எஞ்சின.

எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்வித்தபோது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பதே எளிய மார்க்கமாகத் தோன்றியிருக்கும். அவ்வாறு செய்யாமல், அந்தந்தத் தீவின் நரியை அந்தந்தத் தீவிலேயே தனித்து வளர்க்கச் செய்தது பழைய பாகுபாடுதான். பயனற்றதாகக் கருதப்படும் வகைப்பாட்டுச் சாஸ்திரத்துக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேண்டியதில்லை என்பது என் துணிபு. இதனோடு, பொன்னிறக் கழுகுகளை உயிருடன் பிடித்துப் பெருநிலத்தில் விட்டார்கள். 2002 முதல் வெண்தலைக் கழுகைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சாண்டா குரூஸ் தீவின் பன்றிகளை அறவே அகற்றினார்கள்.

2004இல் அருகிவரும் விலங்குகளின் பட்டியலில் ஏறிய நான்கு உள்ளினங்களில் சான் மிகேல், சாண்டா ரோசா, சாண்டா குரூஸ் ஆகிய வடதீவுகளின் மூன்றும் 2016இல் அதிலிருந்து நீங்கின. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயால் 1999இல் பெரும் சேதமடைந்த கேட்டலினாத் தீவின் நரி மட்டும் ஒருபடி இறக்கப்பட்டுப் பட்டியலிலேயே நிறுத்தப்பட்டது. படகுகளும் மக்களின் நாய்களும் வந்துபோகும் தீவாதலால், அங்குள்ள நரிகளைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு விடும் பணி தொடர்ந்து செய்யவேண்டியதாக இருக்கிறது.