முதலில் படுத்துப் பாருங்கள்



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழி நெடுக நட்சத்திர விடுதிகளும் ரிசார்ட்டுகளும் நிற்கின்றன. அவற்றின் மதிலை ஒட்டியே மீனவர் குப்பங்களும் இருளர் குடியிருப்புகளும் இருக்கின்றன. எட்டாவதோ பத்தாவதோ படித்துவிட்டு, கடற்கரையில் மணிமாலை விற்றுக்கொண்டும் கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டும் இருக்கிற பிள்ளைகள் அங்கே ஏராளம். இவர்களுக்கு விடுதித் தொழிலைக் கற்றுக்கொடுத்தால், அந்த மதிலுக்கு உள்ளேயே மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விடுதி என்றால் வரவேற்பு, சமையல், பரிமாறல், ஹவுஸ்கீப்பிங் என்று பல பிரிவுகள் உண்டு. நான் சொல்லிக்கொடுப்பது ஹவுஸ்கீப்பிங். அறையைத் தயார் செய்கிற வேலை. எனக்கு உயிரான வேலை அது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாள் வகுப்பில் யாரையும் விரிப்பைத் தொட விடமாட்டேன். “கட்டில்ல ஏறிப் படுங்க” என்பேன். தயங்குவார்கள். விளிம்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பலருக்கு வீட்டில் பாய்தான். படுத்த பிறகு, “என்ன தெரியுது?” என்று கேட்பேன். ஒருமுறை, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “ஃபேன் இறக்கை ஓரத்துல கறுப்பா தூசி இருக்கு மேடம். இந்த விளக்கு மூடிக்குள்ள பூச்சி செத்துக் கிடக்கு.” அன்று காலையில்தான் அந்த அறையைச் சரிபார்த்து முடித்திருந்தார்கள். நின்றுகொண்டு பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. விருந்தினர் படுத்துக்கொண்டல்லவா அறையைப் பார்க்கிறார்! அந்தப் பெண் இப்போது ஒரு ரிசார்ட்டில் ஒரு மாடி முழுவதற்கும் சூப்பர்வைசர்.

பிறகுதான் விரிப்பு. மெத்தையின் நடுவில் விரிப்பின் மடிப்புக் கோடு நேராக ஓட வேண்டும். மூலையை 45 டிகிரியில் மடித்து, மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருக வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது. கட்டிலை முடித்த பிறகுதான் மேசையைத் துடைக்க வேண்டும். முன்பே துடைத்தால், விரிப்பை உதறும்போது பறக்கிற தூசு மறுபடி அங்கேயே படியும். தரை கடைசியில், உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி. கழிப்பறைக்கு ஒரு நிறத் துணி, கண்ணாடிக்கு வேறு நிறம். மாறவே கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் உங்கள் வீட்டிலும் இந்த வரிசையில் செய்து பாருங்கள், வேலை எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

இதைவிடக் கடினமானது கதவைத் தட்டுவது. தட்டி, “ஹவுஸ்கீப்பிங்” என்று தெளிவாகக் குரல் கொடுத்து, காத்திருந்து, பதில் இல்லையென்றால் மறுபடி தட்ட வேண்டும். பெண் பிள்ளை சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் லேசில் வராது. வரும் வரைக்கும் விடமாட்டேன். அது வந்துவிட்டால் மேலாளரிடம் விடுப்பு கேட்கவும், தவறாகப் பேசுகிற விருந்தினரிடம் “வேண்டாம் சார்” என்று சொல்லவும் தைரியம் தானாக வந்துவிடும்.

ஒரு தகப்பனார் என்னிடம், “கண்டவங்க படுத்த படுக்கையை எம்பொண்ணு தட்டிப் போடணுமாம்மா?” என்று கேட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அவரை ஒரு விடுதிக்கு அழைத்துப்போய் சீருடை, வருங்கால வைப்பு நிதி, வாரவிடுமுறை, பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுவிடும் வண்டி எல்லாவற்றையும் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் மகளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

நேரம் குறைவாக இருப்பதால் பயிற்சிக்கான வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத குறுகிய கால விடுதிப் பயிற்சியாக மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10ஆம் ஆண்டில் தொடங்கியது ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டம். 12ஆம் வகுப்பு முடித்த ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகள் சென்னை தரமணியில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில் 3 ஆண்டுப் பட்டப்படிப்பு படிக்க மாநில அரசு நிறுவனமான தாட்கோ செலவை ஏற்கிறது. திருச்சி துவாக்குடியிலும் இந்தத் தொழிலுக்கென்று மாநில அரசின் கல்வி நிறுவனம் இருக்கிறது. விவரங்களை அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டணம் இல்லை என்பதால் மட்டும் பிள்ளைகள் வந்துவிட மாட்டார்கள். வகுப்புக்கு வருகிற நாளில் அன்றைய கூலி போய்விடுகிறது. பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் ஒரு சிறு உதவித்தொகையும் இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே பெஞ்சுகள் காலியாகிவிடும். அப்படி நின்றுவிடுகிறவர்களைப் படிப்பில் மக்கு என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

விடுதி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆள் கிடைக்கவில்லை என்று வெளியூர்களில் தேடுவதற்கு முன்பு, உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள தெருவில் ஒருமுறை விசாரியுங்கள். கூட்டம் குறைவான மாதங்களில் இரண்டு அறைகளைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுங்கள். பெற்றோர்களே, மகளையோ மகனையோ அனுப்புவதற்கு முன் நேரில் வந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். ஊரைப் பார்க்க உலகமே வருகிறது. அந்த வருமானத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும்.