உள்ளத்தை அளக்கும் கோல்

தெரணியகலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதைக் கண்டவர்கள் அறிவர்: தராசு காட்டும் எடை முழுவதும் தொழிலாளியின் பெயரில் ஏறுவதில்லை. ஈரத்துக்கும் பைக்கும் சிறிது கழிக்கப்படும். அக்கழிவு நீதியா என்பது வேறு வழக்கு. ஆயினும் தராசுக்கு ஒரு பூச்சியம் உண்டு. 20 கிலோ என்பது 10 கிலோவின் இருமடங்கே.

உள்ளத்தை அளக்கும் கோலுக்கு இவ்வசதி இல்லை. நுண்ணறிவு ஈவு 140 பெற்ற பிள்ளை 70 பெற்ற பிள்ளையிலும் இருமடங்கு அறிவுடையது என்று கூறுதல் தவறு. தன் வயதொத்தோர் வரிசையில் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே அவ்வெண் காட்டும். சராசரிக்கு 100 என்று பெயர். அப்படியாயின், அவ்வரிசையில் நிறுத்தப்பட்டோர் யார்?

1904இல் பிரெஞ்சு அரசு, வகுப்பிலே பின்தங்கும் பிள்ளைகளுக்கு வழிகாண ஒரு குழுவை அமைத்தது. அதில் இருந்த அல்பிரெட் பினே, மருத்துவர் சீமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சோதனைகளைக் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். உதவி வேண்டிய பிள்ளையை இனங்காண்பதே அவர் நோக்கம். அறிவு வளராது என்ற கொள்கையை அவர் வன்மையாக மறுத்தார்.

கோல் கடல் கடந்தது, நோக்கமும் மாறியது. 1913இல் நியூயோர்க்கின் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளை ஹென்றி கொடார்டின் உதவியாளர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சோதித்தனர். சோதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் மந்தபுத்தியினர் என்று முடிவாயிற்று! பயணக் களைப்பையும் அந்நியச் சூழலையும் அந்தத் தராசு கழிக்கவில்லை.

வினாவை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இந்தியாவில் வி. வி. காமத், பினேயின் கோலைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளிடம் சோதித்துத் திருத்தி, 1940இல் நூலாக்கினார். அதுவே முறையான வேலை.

மழை பெய்த காலையில் இறப்பர்ப் பால் வெட்டாதது ஏன் என்று கேட்டால், தெரணியகலை லயத்துப் பிள்ளை காரணம் கூறும். கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கேட்டால் விழிக்கும். இரண்டு வேளையிலும் உள்ளது அதே மூளைதான். அறிவை அளப்பதாகச் சொல்லி அனுபவத்தை அளக்கும் சோதனைக்குத் தகுதிப்பாடு இல்லை என்பர் உளவியலார்.

இனி, நம்பகம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு புள்ளியால் தவறிய பிள்ளைக்கும், ஒரு புள்ளியால் தேறிய பிள்ளைக்கும் இடையே இருப்பது ஒரு காய்ச்சலாகவோ காலைப் பசியாகவோ இருக்கலாம். எந்த அளவையிலும் வழு உண்டு. குறைந்த புள்ளி கண்டதும் “மொக்கு” என்று பெயர் சூட்டும் ஆசிரியர், முதலில் பிள்ளையின் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்யட்டும். பின்னர் அதே வினாவைத் தோட்டத்துப் பேச்சில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.