குறியைப் பார் என்றால் எதைப் பார்ப்பது?



வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். அந்த வரிசையில் இன்று கைத்துப்பாக்கிப் பயிற்சியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் விஜய் குமார் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2024-இல் பாரிஸ் நகரில் அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து மற்றொரு வெண்கலமும் பெற்றார். இவற்றைக் கண்ட பிள்ளைகள் தாமும் பழக வேண்டும் என்று கேட்பது இயல்பே. பெற்றோர் பயிற்சிக்கூடத்தின் பின்வரிசைப் பெஞ்சில் அமர்ந்து, இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஆசிரியர் கூறுவதில் பாதியை விளங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

அத்தகைய பெஞ்சில் நாமும் பல ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்திருக்கிறோம். தில்லியில் வசிக்கும் நம் தமக்கையின் மகளைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஆசிரியர் இளைஞர், விளையாட்டு விஞ்ஞானம் கற்றவர். அவர் கூறியவற்றில் ஒன்றேனும் பிழையென்று சொல்ல முடியாது. ‘ஆங்குலர் எர்ரர்’, ‘அக்காமடேஷன்’, ‘ப்ரொப்ரியோசெப்ஷன்’, ‘சிம்பதெடிக் கன்ட்ராக்ஷன்’ என்று அவர் அடுக்கிக்கொண்டே செல்ல, அந்தப் பெண் அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் அழகிய கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் சுட்ட குண்டுகளோ வட்டத்தின் இடப்புறக் கீழ்மூலையிலேயே போய் விழுந்தன. மூன்று வாரம் இப்படியே சென்றது. ஒரு நாள் பேருந்தில் வரும்போது, “மாமா, எனக்கு இது வராது போலிருக்கிறது” என்றாள். நன்றாகப் படிக்கும் பெண் அப்படிச் சொன்னது நம்மை வருத்தியது. அவள் படித்ததுதான் அவளுக்கு இடையூறாக நின்றதோ என்றும் தோன்றிற்று.

இப்போட்டியின் கணக்கை முதலில் கூறிவிடுவோம். பத்து மீட்டர் தொலைவில் ஓர் அட்டை. அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு என்னலாம். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படலாகாது. அதனை ஒரு கையால் மட்டுமே நீட்டிப் பிடித்து, 75 நிமிடத்திற்குள் 60 குண்டுகள் சுட வேண்டும். குழலின் நுனியில் ஒரு சிறு முனை உண்டு. அதனை முன்குறி என்போம். கைப்பக்கம் சதுரமாகப் பிளந்த ஒரு தகடு உண்டு, அது பின்குறி. பின்குறியின் பிளவுக்கு நடுவே முன்குறி மட்டமாக நிற்குமாறு பார்த்துச் சுடுவதே வேலை.

ஆங்குலர் எர்ரர் என்ற சொல் இங்கேதான் வருகிறது. இரண்டு குறிகளுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். முன்குறி பிளவின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு 31 மில்லிமீட்டர் விலகிப் போகும். பத்துக்குப் பதிலாக ஏழு கிடைக்கும். மாறாக, இரு குறிகளும் தம்முள் ஒழுங்காக நின்று, இரண்டும் சேர்ந்தபடியே அட்டையின் மேல் 5 மில்லிமீட்டர் அலைந்தால் என்ன ஆகும்? குண்டும் 5 மில்லிமீட்டரே விலகும். அப்போதும் கிடைப்பது பத்துதான். ஆகவே கை ஆடுவது பெருங்குற்றம் அன்று. குறிகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதுதான் குற்றம். புதிதாகப் பழகுவோர் அனைவரும் கை ஆட்டத்தைக் கண்டு அஞ்சி, அதை அடக்க முயன்று, குறிகளைக் கோட்டை விடுகின்றனர். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்க்கு அந்த அச்சம் நீங்கும். விஞ்ஞானம் செய்யும் பேருதவி இது. ஆயின், இந்த உதவி கணக்கிலிருந்து வந்ததேயன்றி அந்த ஆங்கிலப் பெயரிலிருந்து வரவில்லை. பெயரை எழுதிக்கொண்ட நம் பெண்ணுக்குக் கணக்கு விளங்கவில்லை என்பது, பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் நாம் இரண்டு கோடு வரைந்து காட்டிய போதுதான் தெரிய வந்தது.

இனி, எளிய சொல் என்று நாம் நம்பும் சொற்களும் நம்மை ஏமாற்றுவதுண்டு. ‘குறியைப் பார்’ என்கிறோம். இதைவிட எளிய தமிழ் உண்டோ? ஆனால் தமிழில் குறி என்பது துப்பாக்கியின் மேலுள்ள முனையையும் குறிக்கும். சுடப்படும் இலக்கையும் குறிக்கும். இவற்றுள் எதைப் பார்ப்பது? பிள்ளைகள் இலக்கைத்தான் பார்ப்பார்கள். பறவையின் கண் ஒன்றே தெரிகிறது என்று துரோணரிடம் விடையிறுத்த அர்ச்சுனன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? வில்வித்தைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதை வில்லாளர்தாம் கூற வேண்டும். கைத்துப்பாக்கிக்கு அது நேர் எதிரான பாடம். மனிதக் கண் ஒரே சமயத்தில் கைத்தொலைவிலுள்ள முனையையும் பத்து மீட்டர் அப்பாலுள்ள அட்டையையும் தெளிவாகக் காண இயலாது. ஒன்று தெளிந்தால் மற்றொன்று மங்கும். தெளிவாக இருக்க வேண்டியது முன்குறியே. அட்டையிலுள்ள கரும்புள்ளி மங்கட்டும். “முனை தெரிகிறது, பறவை மங்கலாகத் தெரிகிறது” என்று அர்ச்சுனன் கூறியிருப்பானாகில் துரோணர் அவனை ஒதுக்கி நிறுத்தியிருப்பார். பிஸ்டல் ஆசிரியரோ அவனையே முதல் மாணாக்கனாகக் கொள்வார்.

ஆகையால் ‘குறி’ என்று பொதுப்படக் கூறாது, ‘முன்குறி’ என்றும் ‘இலக்கு’ என்றும் பிரித்தே கூற வேண்டும். இதற்கு ஆங்கிலமும் வேண்டா, கிரேக்கமும் வேண்டா. பிரித்துச் சொல்லும் கவனம் ஒன்றே வேண்டும்.

தேசிய மாணவர் படையில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நேயர்கள் மற்றொரு பாடத்தைக் கேட்டிருப்பீர்கள். அங்கே துப்பாக்கிப் பயிற்சி பெரும்பாலும் படைவீரர்களின் இந்தியில் நடைபெறும். நன்றாகச் சுடுவதற்கு மூன்று விதி கூறுவர்: ‘மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் டிரிகர் ஆபரேஷன்.’ உறுதியான பிடி, சரியான குறிவைப்பு, சரியான விசை இயக்கம் என்பது பொருள். பாரசீகமும் இந்தியும் ஆங்கிலமும் ஒரே வரியில் தோளோடு தோள் நிற்கின்றன. எனினும் எந்த மாநிலத்துப் பிள்ளையும் அரை மணியில் மனப்பாடம் செய்துவிடுகிறது. சொற்களை இப்படிச் சுருக்கிய வீரர்களிடம் நமக்கு மதிப்பு மிகுதி. ஆனால் அந்த வரி நீண்ட துப்பாக்கிக்கு, அதாவது தோளில் அணைத்துச் சுடும் ரைபிளுக்கு, உரியது. அதைக் கேட்டுப் பழகிய பையன் பிஸ்டலை எடுத்ததும் ‘மஜ்பூத்’ என்று விரல் வெளுக்கப் பிடிக்கிறான். குழல் நடுங்குகிறது. உறுதி என்றால் எவ்வளவு உறுதி? இதற்குப் பழைய ஆசிரியர்கள் ஒரு வழி வைத்திருக்கின்றனர். கை நடுங்கும் வரை இறுக்கு. பிறகு நடுக்கம் நிற்கும் வரை தளர்த்து. நின்ற இடமே உன் பிடி. தசைகளைப் பற்றிய எந்த நூலும் இதைவிடத் தெளிவாகக் கூறிவிடாது.

விசையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் விசையை ‘இழு’ என்பது வழக்கு. இழு என்றதும் கை முழுவதும் இழுக்கிறது. இந்தியில் ‘தபாவோ’, அழுத்து, என்பார்கள்; இவ்வொரு சொல்லில் இந்தி ஆங்கிலத்தை வென்றுவிட்டது. நம் மொழியில் இரண்டு வழக்கும் உண்டு. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தோர் பேச்சில் துப்பாக்கியின் உறுப்பொன்றுக்குக் குதிரை என்று பெயர். குதிரை என்றால் இழுக்கத்தானே தோன்றும்! ஆள்காட்டி விரலை வெடுக்கென மடக்கினால் மற்ற விரல்களும் உடன் இறுகும். இது கையின் இயல்பு. வலக்கையாளர் இவ்வாறு செய்தால் குழல்முனை கீழே இடப்புறமாகத் தாழும். நம் பெண்ணின் குண்டுகள் இடப்புறக் கீழ்மூலையில் விழுந்த காரணம் இதுவே. ‘சிம்பதெடிக் கன்ட்ராக்ஷன்’ என்று அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தது இந்த நோயின் பெயரைத்தான். நோயின் பெயர் கையில் இருந்தது, மருந்து இல்லை.

மருந்தை, அங்கே துப்பாக்கிகளைப் பராமரித்து வந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் கொடுத்தார். துப்பாக்கியில் குண்டில்லை என்பதை இருமுறை திறந்து பார்த்தார். குழலின் மேல் முன்குறியை ஒட்டி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். “பேட்டி, இது விழாமல் விசையை அழுத்து” என்று மட்டும் இந்தியில் கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நாணயம் விழுந்தது, மறுபடியும் விழுந்தது. நாற்பது ஐம்பது முறைக்குப் பிறகு விழாதிருக்கத் தொடங்கிற்று. அன்று பிற்பகலில் குண்டுகள் நடுவை நோக்கி நகரலாயின. எல்லாம் பத்து என்று சொல்ல மாட்டோம். எட்டும் ஒன்பதும் வந்தன. அவள் முகத்தைப் பார்த்த நமக்கு அதுவே போதுமாயிருந்தது.

இவ்வளவும் கேட்டபின், பரிபாஷை எதுவும் வேண்டா என்று நாம் கூறுவதாக நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், பிள்ளையுடன் வந்த இடத்தில் தாமும் பழகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘முன்குறியைத் தெளிவாகப் பார்’ என்ற எளிய விதி அவருக்குப் பயன்படாது. எவ்வளவு முயன்றாலும் தெளியாது. ஏனெனில் வயதாக ஆகக் கண்ணின் வில்லை விறைத்து, அண்மைப் பொருளுக்கு ஏற்ப வளைய மறுக்கிறது. ஆசிரியர் ‘அக்காமடேஷன்’ என்ற பாடத்தை உண்மையிலேயே அறிந்தவராயின், முன்குறி இருக்கும் தொலைவை அளந்து, அந்தத் தொலைவுக்குக் கண்ணாடி செய்துகொள்ளுமாறு கண் மருத்துவரிடம் அனுப்புவார். அறியாதவராயின், ‘இன்னும் கவனமாகப் பாருங்கள்’ என்று எளிய மொழியில் சொல்லிக்கொண்டே இருப்பார். விதியை மட்டும் அறிந்த ஆசிரியர், விதி பொய்க்கும் இடத்தில் கையற்று நிற்பார். நம் இளைஞரான ஆசிரியரைக் குறைகூற நாம் தயங்குவது இதனால்தான். அவருக்கு நாளடைவில் சொற்கள் எளிமையாகிவிடும். கற்ற விஞ்ஞானம் கைவிட்டுப் போகாது.

எளிமைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடமில்லாத சொற்களும் சில உண்டு. அவை கூடத்தின் கட்டளைகள்: ‘லோட்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’, ‘அன்லோட்’. சர்வதேசப் போட்டிகளில் இவை ஆங்கிலத்திலேயே ஒலிக்கின்றன. ‘ஸ்டாப்’ என்ற குரல் கேட்ட கணத்தில் விரல் விசையை விட்டு நீங்க வேண்டும். சொல்லின் பொருளை நினைத்துப் பார்க்க அங்கே நேரமில்லை. தமிழ்ப்பற்றுடைய பெற்றோர் சிலர் இவற்றை வீட்டில் மொழிபெயர்த்துப் பழக்குவதைக் கண்டிருக்கிறோம். அன்பு கூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டா. முன்குறியையும் பிடியையும் விசையையும் தமிழில் விளக்குங்கள். பிள்ளைக்கு விரைவில் விளங்கும். கட்டளைகளை மட்டும் கூடத்தில் ஒலிக்கும் அதே சொல்லில், அதே ஒலியில் விட்டுவிடுங்கள். நாணயப் பயிற்சியை வீட்டில் செய்வதாயின், ஆசிரியரின் அனுமதி பெற்று, பெரியவர் ஒருவர் உடனிருக்க, குண்டுகளை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, யாரும் நடமாடாத சுவரை நோக்கி நின்று செய்தல் வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பெரியவர் ஒருமுறை பார்க்கட்டும். பிறகு பிள்ளையும் ஒருமுறை தானே திறந்து பார்க்கட்டும்.